18 ஆண்டு காத்திருந்த காமா பயில்வான்

1910-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 17-ந் தேதி. லண்டன் நகரில் உள்ள ஒயிட் சிட்டி ஸ்டேடியம். 2 ஆண்டுகளுக்கு முன்பு ஒலிம்பிக் போட்டிகள் நடந்த அதே மைதானம்.

கோதா தயாராக இருந்தது. இந்தியாவில் இருந்து கப்பலில் வந்த பயில்வான் ஒருவர் அங்கே காத்து இருந்தார். எதிராளி வரவில்லை. நேரம் போயிற்று. அப்போதும் வரவில்லை. வராதவர் தோற்றவர் என்று தீர்ப்பாயிற்று. பரிசுத் தொகை 250 பவுனும், உலக சாம்பியன் என்பதற்கான பெல்ட்டும் காத்து இருந்தவருக்குக் கிடைத்தன.

காத்து இருந்தவர், காமா. வராமல் போனவர், போலந்து நாட்டைச் சேர்ந்த ஸ்டானிஸ்லாஸ் ஜிபிஸ்கோ.

இந்த இருவரில் பெரிய வீரர் யார் என்ற கேள்வி அன்றோடு தீர்ந்துவிடவில்லை. அவர்கள் மறுபடியும் நேருக்கு நேர் நிற்க மேலும் 18 ஆண்டுகள் ஆயின.

நம்மவர்களுக்கு இந்த மாதிரி வாதம் புதிது அல்ல. வடசென்னையில் சார்பட்டா பரம்பரையா, இடியப்ப நாயக்கர் பரம்பரையா என்று குத்துச்சண்டைக்காகத் தெருத்தெருவாக மோதிக்கொண்ட காலம் உண்டு. தாரா சிங் பெரியவரா, கிங் காங் பெரியவரா என்று நம் அப்பாக்கள் பேசிக் கேட்டு இருக்கிறோம். அதற்கும் ஒரு தலைமுறை முந்தியது காமாவின் கதை. பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதிகளில் இன்றும் சில 'கரடி மனை'கள் இருக்கின்றன. ஊரில் இருந்து புதிதாக வந்தவர்கள் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அங்கே கரடி எதுவும் இல்லை. கன்னடத்தில் அது குஸ்தி பழகும் இடம்.

பயில்வான் குடும்பம்

காமாவின் முழுப்பெயர் குலாம் முகமது பக்ஷ். 1878-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி பஞ்சாபில் அமிர்தசரஸ் பகுதியில் உள்ள ஜப்போவால் கிராமத்தில் பிறந்தார். காஷ்மீரில் இருந்து வந்து குடியேறிய வம்சம். அப்பா, தாய்வழித் தாத்தா, மாமா எல்லோருமே பயில்வான்கள். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். தாத்தாவும் மாமாவும் பையனைக் கோதாவில் இறக்கினார்கள். நம் ஊரில் தச்சர் மகன் உளியை எடுப்பதுபோல, அவர்கள் வீட்டில் பையன்கள் பஸ்கி எடுத்தார்கள்.

1888-ம் ஆண்டு ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி நடத்தினார். நாடு முழுவதிலும் இருந்து 400-க்கும் மேற்பட்ட பயில்வான்கள் வந்தார்கள். யார் அதிகம் பஸ்கி எடுக்கிறார்கள் என்பதுதான் போட்டி. ஒவ்வொருவராகச் சோர்ந்து விழ, கடைசி வரை நின்ற 15 பேரில் ஒருவன் 10 வயதுப் பையன். வயதைப் பார்த்து மகாராஜா அவனையே வெற்றி பெற்றவனாக அறிவித்தார். அதன் பிறகு பையன் சும்மா இருக்க வேண்டி வரவில்லை. தாதியா சமஸ்தானத்து மகாராஜா அவனை எடுத்து வளர்த்தார்.

இதை இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பயில்வானுக்குச் சம்பளம் கொடுக்க கம்பெனி கிடையாது, டிக்கெட் வசூல் பெரிதாகக் கிடையாது. பாலும் நெய்யும் பாதாமும் ஆட்டுக்கறியும் வாங்கிக் கொடுக்க ஒரு ராஜா வேண்டும். ராஜா இல்லாவிட்டால் பயில்வான் இல்லை. காமாவின் வாழ்வு, தாழ்வு இரண்டுக்கும் இதுவே காரணம்.

தினமும் 5 ஆயிரம் பஸ்கி, 3 ஆயிரம் தண்டால் எடுப்பார் என்றும், குடம் குடமாகப் பால் குடிப்பார் என்றும் அவரைப்பற்றிச் சொல்வார்கள். பாதி என்று வைத்துக்கொண்டாலும் நமக்கு மூச்சு முட்டும். ஆனால் பரோடா கல் கதை வேறு. பரோடா அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. 1902-ம் ஆண்டு காமா அதைத் தூக்கினார் என்று அதில் எழுதி இருக்கிறது. எடை 1,200 கிலோ! ஏறக்குறைய ஒரு அம்பாசடர் காரின் எடை அது. ரெயில்வே பார்சல் ஆபீசில் நாலு நாள் தராசு பார்த்தவன் எவனும் இதை நம்பமாட்டான். ஒரு பக்கத்தை நெம்பித் தூக்கி இருக்கலாம், புரட்டி இருக்கலாம். காமாவின் புகழுக்கு இந்தக் கல் தேவையும் இல்லை.

ஏழடி எதிரி

அப்போது இந்தியாவின் பெரிய பயில்வானாக இருந்தவர் குஜ்ரன்வாலாவைச் சேர்ந்த ரகீம் பக்ஷ் சுல்தானிவாலா. உயரம் ஏழடிக்குச் சற்றே குறைவு. காமாவின் உயரம் 5 அடி 7 அங்குலம். 1895-ம் ஆண்டு, 17 வயதில், காமா இந்த மலைக்குச் சவால் விட்டார்.

சீக்கிரம் முடிந்துவிடும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ரகீம் பக்ஷ் கையை நீட்டினால் காமாவின் தலைக்கு மேலே போகும். ஆனால் சண்டை மணிக்கணக்கில் நீடித்தது. கடைசியில் வெற்றி தோல்வி இல்லை என்று முடிந்தது. மறுநாள் முதல் இந்தியா முழுவதும் காமாவின் பெயர் பரவிற்று. அடுத்த 15 ஆண்டுகளில் நாட்டில் இருந்த பெரிய பயில்வான்களை எல்லாம் அவர் சாய்த்தார், ரகீம் பக்ஷ் ஒருவரைத் தவிர.

லண்டன் பயணம்

1910-ம் ஆண்டு. வங்காளத்துச் செல்வர் ஒருவர் பணம் போட்டார். பெஞ்சமின் என்ற ஏற்பாட்டாளர் இந்தியப் பயில்வான்களை இங்கிலாந்துக்கு அழைத்துச்சென்றார். காமாவோடு அவருடைய தம்பி இமாம் பக்ஷும் போனார். தம்பி அண்ணனைவிட உயரம். இவரும் லேசுப்பட்டவர் அல்ல. சுவிட்சர்லாந்து வீரர் ஜான் லெம்மை லண்டனில் வைத்தே தோற்கடித்தவர்.

லண்டனில் நடந்த போட்டியில் காமாவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உயரம் போதாது என்று காரணம் சொல்லப்பட்டது. கடல் கடந்து போன மனிதர் என்ன செய்வார்? நாடக அரங்கில் நின்று சவால் விட்டார். எந்த எடையில் இருந்தாலும் சரி, எந்த மூன்று பேர் வந்தாலும் சரி, 30 நிமிடத்தில் மூவரையும் சாய்ப்பேன் என்பது சவால். விளம்பரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்து, முதலில் யாரும் வரவில்லை.

பிறகு அமெரிக்க வீரர் பெஞ்சமின் ரோலர் வந்தார். தொழிலால் இவர் டாக்டர். ஆகஸ்டு மாதம் அல்ஹாம்பிரா அரங்கில் சண்டை. முதல் தடவை 1 நிமிடம் 40 வினாடியில் ரோலரின் முதுகு தரையைத் தொட்டது. இரண்டாவது தடவை 9 நிமிடம் 10 வினாடி. டாக்டருக்கு விலா எலும்பில் அடி. அதன் பிறகுதான் லண்டன் பத்திரிகைகள் காமாவைத் திரும்பிப் பார்த்தன.

அந்த ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. கோவை சிறையில் இருந்த ஆண்டு. அமெரிக்காவில் ஜூலை மாதம் 4-ந் தேதி கறுப்பு இனக் குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன், வெள்ளையர்களின் நம்பிக்கையாக இருந்த ஜெப்ரீசை ரீனோ நகரில் வீழ்த்தினார். அதற்காகப் பல ஊர்களில் கலவரம் நடந்தது, உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு அதே ஜான்சன் லண்டனில் ஒரு வெள்ளையரோடு மோத இருந்த சண்டையை, அப்போது உள்துறை மந்திரியாக இருந்த சர்ச்சில் நடக்கவிடவில்லை. காமா லண்டனில் கோதாவில் இறங்கியது இந்த இரண்டுக்கும் நடுவில். ஆளப்படும் நாட்டில் இருந்து வந்த ஒருவர், ஆளும் நாட்டின் தலைநகரில், ஒரு வெள்ளையரின் முதுகை மண்ணில் வைக்கப் பார்க்கிறார் என்றால் அது வெறும் குஸ்தி அல்ல.

யார் இந்த ஜிபிஸ்கோ?

காமாவின் புகழைச் சொல்லும்போது ஜிபிஸ்கோவை யாரோ ஒரு தொந்திக்காரர் மாதிரி எழுதுவது நம்மவர்களின் வழக்கம். அது சரி அல்ல. எதிராளியைச் சிறியவன் ஆக்கினால் ஜெயித்தவனும் சிறியவன்தான் ஆவான்.

ஜிபிஸ்கோ காமாவுக்கு ஏறக்குறைய ஒரு வயது இளையவர். இயற்பெயர் ஸ்டானிஸ்லாஸ் சிகானிவிச். ஐரோப்பாவின் முன்னணி வீரர்களில் ஒருவர். படித்தவர், பல மொழிகள் பேசுவார், சங்கீதத்தில் நாட்டம் உள்ளவர். உயரத்தில் காமாவுக்கு ஏறக்குறையச் சமம். எடையில் 20 கிலோவுக்குக் குறையாமல் அதிகம். கழுத்தும் தோளும் ஒன்றாகவே இருக்கும்.

அன்றைய உலக சாம்பியன் அமெரிக்காவின் பிராங்க் காட்ச். 1908-ம் ஆண்டு சிகாகோவில் ரஷ்ய சிங்கம் என்று பெயர் பெற்ற ஹக்கன்ஷ்மிட்டைத் தோற்கடித்துப் பட்டம் பெற்றவர். 1909-ம் ஆண்டு நவம்பர் மாதம் பபலோ நகரில், ஒரு மணி நேரத்துக்குள் ஜிபிஸ்கோவை இரண்டு முறை வீழ்த்துகிறேன் என்று காட்ச் களம் இறங்கினார். அவரால் முடியவில்லை. ஜிபிஸ்கோவை அவ்வளவு லேசில் புரட்ட முடியாது என்று ஊர் தெரிந்துகொண்டது.

1910-ம் ஆண்டு ஜூன் மாதம் 1-ந் தேதி சிகாகோவில் இருவரும் மறுபடி மோதினார்கள். கைகுலுக்குவதற்காக ஜிபிஸ்கோ கையை நீட்டினார். காட்ச் அந்தக் கணமே பாய்ந்து அவரைக் கீழே சாய்த்துவிட்டார். 6 வினாடிதான்! மரியாதைக்குக் கை நீட்டியவரைச் சாய்த்தது நியாயமா என்று கூச்சல் எழுந்தது. அடுத்த சுற்றிலும் காட்ச் ஜெயித்தார். அந்தத் தோல்வியின் காயத்தோடுதான் மூன்று மாதம் கழித்து ஜிபிஸ்கோ லண்டனில் காமாவின் முன்னால் வந்து நின்றார்.

இரண்டரை மணி நேரம்

செப்டம்பர் 10-ந் தேதி. 'ஜான்புல்' என்ற பத்திரிகையின் பெயரால் உலக சாம்பியன் பெல்ட்டுக்கான சண்டை.

இரண்டு தோள்களும் தரையில் பட்டால் தோல்வி. விதி அவ்வளவுதான். முதல் நிமிடத்திலேயே காமா, ஜிபிஸ்கோவைக் கீழே தள்ளினார். பார்த்தவர்கள் முடிந்தது என்று எண்ணி இருப்பார்கள். ஆனால் ஜிபிஸ்கோ அங்கேதான் தன் மூளையைக் காட்டினார். குப்புறப் படுத்துக்கொண்டார். கை, கால்களைப் பரப்பித் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டார். குப்புறக் கிடப்பவரின் தோள் தரையில் படாது. புரட்டினால்தான் உண்டு. 110 கிலோவுக்கும் மேற்பட்ட ஆளை எப்படிப் புரட்டுவது?

காமா கழுத்தைப் பிடித்தார். காலைப் பிடித்தார். இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அசைந்தார், புரளவில்லை. ஜிபிஸ்கோ ஏதோ ஒன்றிரண்டு தடவை எழுந்து பிடிக்கப் பார்த்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டார். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. இரண்டரை மணி நேரமும் தாண்டிற்று. வெளிச்சம் மங்கும் நேரத்தில் சண்டையை நிறுத்தினார்கள். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்தச் சனிக்கிழமைதான் 17-ந் தேதி. ஜிபிஸ்கோ வரவில்லை என்பதை முன்பே சொன்னோம்.

காசு கொடுத்து வந்த கூட்டத்துக்கு இது அலுப்பூட்டிய சண்டை. ஆனால் என்னைக் கேட்டால், காமாவின் சண்டைகளிலேயே மிக நம்பத்தக்கது இதுதான். தொழில் முறைக் குஸ்தியில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு விழுவது அன்றும் உண்டு. பேசி வைத்துக்கொள்கிறவர்கள் கூட்டம் கைதட்டும்படி பேசி வைத்துக்கொள்வார்கள். ஒருவர் இரண்டரை மணி நேரம் குப்புறப் படுத்துக் கிடப்பது என்று எவனாவது திட்டம் போடுவானா?

பெல்ட்டைக் கொடுத்த 'ஜான்புல்' ஆசிரியர் ஹொரேஷியோ பாட்டம்லி பிற்காலத்தில், 1922-ம் ஆண்டு, மோசடி வழக்கில் ஜெயிலுக்குப் போனார் என்பது தனிக்கதை. பெல்ட்டுக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை.

பிராங்க் காட்சுக்கும் காமா சவால் விட்டார். ஹக்கன்ஷ்மிட்டுக்கும் விட்டார். ஜப்பான் வீரர்களையும் அழைத்தார். காட்சும் ஹக்கன்ஷ்மிட்டும் காமாவோடு மோதவில்லை. காட்ச் 1917-ம் ஆண்டு ஏறக்குறைய 40 வயதிலேயே இறந்துபோனார். காமாவும் காட்சும் மோதி இருந்தால் என்ன ஆகி இருக்கும் என்பது குஸ்திப் பிரியர்கள் நூறு ஆண்டுகளாக மெல்லும் வெற்றிலை.

அலகாபாத்தில் தீர்ந்த கணக்கு

ஊர் திரும்பிய காமாவுக்குப் பழைய பாக்கி ஒன்று இருந்தது. அலகாபாத்தில் ரகீம் பக்ஷை மறுபடியும் சந்தித்தார். இவருக்கு 32 வயதுக்கு மேல். ரகீம் பக்ஷ் இன்னும் மூத்தவர். இந்த முறை நீண்ட போராட்டத்துக்குப் பின் வெற்றி காமாவுக்குக் கிடைத்தது. 'ருஸ்தம்-இ-ஹிந்த்', அதாவது இந்தியாவின் மல்லன் என்ற பட்டம் வந்தது. தன்னோடு மோதியவர்களில் பெரியவர் யார் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் காமா சொன்னது வெள்ளைக்காரர் யாருடைய பெயரையும் அல்ல, ரகீம் பக்ஷின் பெயரைத்தான். அவர் சொன்னதைத் தள்ளிவிட நமக்கு என்ன தகுதி?

1916-ம் ஆண்டு பண்டிட் பிட்டு என்ற பயில்வானை வென்றார். 1922-ம் ஆண்டு இந்தியா வந்த வேல்ஸ் இளவரசர் வெள்ளிக் கதை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். மற்றபடி எதிர்க்க ஆள் இல்லாத ஆண்டுகள் அவை.

அதே ஆண்டுகளில் ஜிபிஸ்கோ சும்மா இருக்கவில்லை. 1921-ம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் எட் லூயிசை வென்று, 42 வயதில் உலக சாம்பியன் ஆனார். 'கழுத்து நெரிப்பவர்' என்று பட்டப்பெயர் பெற்ற லூயிஸ் அடுத்த ஆண்டே பட்டத்தைத் திருப்பிப் பறித்தார்.

1925-ம் ஆண்டு நடந்ததுதான் வேடிக்கை. வேன் மன் என்று ஒரு கால்பந்து வீரர். ஆள் பெரிய உருவம், குஸ்தி தெரியாது. ஏற்பாட்டாளர்கள் கூட்டம் சேர்ப்பதற்காக அவரைச் சாம்பியன் ஆக்கி வைத்து இருந்தார்கள். அவரிடம் தோற்பதற்காக ஜிபிஸ்கோவுக்குப் பணம் பேசினார்கள். பிலடெல்பியா நகரில் கோதாவில் இறங்கியதும் ஜிபிஸ்கோ பேச்சை மீறிவிட்டார். மன்னை மறுபடி மறுபடி புரட்டிப்போட்டார். நடுவருக்கு வேறு வழி இல்லை. கிழவர் மறுபடியும் சாம்பியன்! ஆறு வாரம் கழித்து அந்தப் பட்டத்தை ஜோ ஸ்டெக்கரிடம் விட்டுக்கொடுத்தார். அதுவும் பேசி வைத்ததுதான்.

பாட்டியாலாவில் ஒரு நிமிடம்

1928-ம் ஆண்டு ஜனவரி மாதம். பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் இருவரையும் மறுபடி மோத வைத்தார். பல ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கும்படி பெரிய அரங்கம் அமைத்தார்கள். ராஜாக்கள், வெள்ளைக்கார அதிகாரிகள், கால்நடையாக வந்த கிராமத்து ஜனங்கள் என்று கூட்டம் பொங்கி வழிந்தது.

காமாவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஜிபிஸ்கோவுக்கு 48. லண்டனில் போட்டது விரிப்பு. இங்கே கொத்திப் பதப்படுத்திய மண். மண்ணில் குப்புற ஒட்டிக்கொள்ளும் வித்தை எடுபடுமா என்று எல்லோரும் எதிர்பார்த்து இருந்தார்கள்.

அதைப் பார்க்கும் வாய்ப்பே வரவில்லை. இருவரும் கை கோத்தார்கள். காமா இழுத்தார். ஜிபிஸ்கோ மல்லாந்து கிடந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

18 ஆண்டுகள் காத்து இருந்த கணக்கு, தூரத்தில் இருந்து வந்தவர்கள் தலைப்பாகையைச் சரிசெய்து உட்காருவதற்குள் முடிந்துவிட்டது. கூட்டம் உள்ளே புகுந்தது. மகாராஜா பரிசுகளைக் கொட்டிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு ஜெஸ் பீட்டர்சன் என்ற ஐரோப்பிய வீரரையும் காமா சில நிமிடத்துக்குள் வென்றார். அதற்குப் பிறகு அவரோடு மோதப் பெயர் பெற்ற ஆள் யாரும் வரவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

காமா 5 ஆயிரம் சண்டைகள் போட்டார், ஒன்றிலும் தோற்கவில்லை என்று இன்றும் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1895-ம் ஆண்டு முதல் 1929-ம் ஆண்டு வரை 34 ஆண்டுகள். 5 ஆயிரத்தை வகுத்தால் ஆண்டுக்கு 147 சண்டை. இரண்டரை நாளுக்கு ஒன்று! லாகூரில் இருந்து அலகாபாத்துக்கு ரெயிலில் போய் இறங்கவே அந்தக் காலத்தில் எவ்வளவு நேரம் பிடித்து இருக்கும்! வாலிபத்தில் பயிற்சிக் கோதாவில் பிடித்துப் பார்த்ததை எல்லாம் சேர்த்தால் வரலாம். சண்டை என்று சொல்லும்படியானவை அவ்வளவு இருக்க முடியாது. தேதியும் ஊரும் எதிராளியின் பெயரும் எழுதப்பட்டு நிற்பவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

ஜிபிஸ்கோவின் கணக்கு இதற்கு நேர் எதிர். நூற்றுக்கணக்கான சண்டைகளுக்குத் தேதி இருக்கிறது, முடிவு இருக்கிறது, ஓடிய நிமிடமும் இருக்கிறது. ஆனால் அவற்றில் எத்தனை உண்மையில் சண்டை? 1925-ம் ஆண்டின் கதையைப் படித்த பிறகு, ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டி இருக்கிறது. ஒருவரிடம் எழுத்து இல்லை, மற்றவரிடம் எழுத்து இருந்தும் நம்ப முடியவில்லை.

அப்படியானால் இருவரும் சேர்ந்து நின்ற இரண்டு நாட்களைத்தான் பார்க்க வேண்டும். பாட்டியாலா வெற்றியைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. காமாவின் ஊர், காமாவின் மண், காமாவின் ராஜா. எதிரில் நின்றவர் 48 வயது மனிதர், கடல் கடந்து வந்தவர். பணம் வாங்கிக்கொண்டு விழுந்து இருக்கலாமே என்று கேட்பவனுக்கும் பதில் சொல்வது கடினம். லண்டனில் எல்லாம் தலைகீழ். அந்நிய ஊர், அந்நிய விதி, பழக்கம் இல்லாத விரிப்பு, 20 கிலோ கூடுதல் எடை உள்ள எதிரி. சண்டையைத் தொடங்கிய முதல் நிமிடத்தில் இருந்து கடைசி நிமிடம் வரை படுத்துக் கிடந்தவர் ஜிபிஸ்கோ. மேலே இருந்தவர் காமா. புத்தகத்தில் சமம் என்று எழுதி இருந்தாலும், என் கணக்கில் அன்றே காமா பெரியவர்.

ராஜாக்கள் போன பிறகு

ஜிபிஸ்கோ அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் நிலம் வாங்கித் தம்பியோடு பண்ணை வைத்து வாழ்ந்தார். இளம் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1950-ம் ஆண்டு வெளிவந்த 'நைட் அண்ட் தி சிட்டி' என்ற படத்தில், தொழிலின் மானத்துக்காகக் கடைசியாக ஒரு முறை சண்டை போடும் வயதான மல்லனாக நடித்தார். லண்டன் நகரில் நடக்கும் கதை அது. 1967-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் காலமானார்.

காமாவின் கடைசிக் காலம் அப்படி அமையவில்லை. மகன்கள் நிலைக்கவில்லை, இளம் வயதிலேயே போய்விட்டார்கள். 1947-ம் ஆண்டு நாடு இரண்டானபோது அவர் லாகூரில் இருந்தார். மோனி ரோட்டில் வீடு. சுற்றிலும் இந்துக் குடும்பங்கள். வெறிபிடித்த கூட்டம் தெருவுக்குள் வந்தபோது, 69 வயதுக் காமா தன் ஆட்களோடு முன்னால் போய் நின்றார். கூட்டம் திரும்பிப் போயிற்று. பிறகு அந்தக் குடும்பங்களை, வழிச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்து, எல்லை வரை பத்திரமாக அனுப்பிவைத்தார். அவர் போட்ட சண்டைகளில் இதைப் பட்டியலில் யாரும் சேர்ப்பது இல்லை. கை கலக்காமலே ஜெயித்த சண்டை இது.

பாட்டியாலா இந்தியாவில் நின்றுவிட்டது. தாதியாவும் அப்படியே. சமஸ்தானங்களே சில ஆண்டுகளில் இல்லாமல் போயின. வாழ்நாள் முழுவதும் பாலுக்கும் பாதாமுக்கும் ராஜாவைப் பார்த்து இருந்த மனிதருக்கு, எல்லைக்கு அந்தப்பக்கம் ராஜா யாரும் இல்லை. பாகிஸ்தான் அரசு நிலமும் உதவித்தொகையும் கொடுத்தது. மருந்துச் செலவுக்கு அது போதவில்லை. ஆஸ்துமாவும் இதய நோயும் சேர்ந்துகொண்டன. பெற்ற பதக்கங்களை விற்றுக் காலம் தள்ளினார். இந்தச் செய்தி தெரிந்ததும் இந்தியாவில் இருந்து தொழிலதிபர் பிர்லா 2 ஆயிரம் ரூபாயும், மாதம் 300 ரூபாயும் அனுப்ப ஏற்பாடு செய்தார்.

1960-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி காமா லாகூரில் இறந்தார். 82-வது பிறந்த நாளுக்கு மறுநாள். தம்பி இமாம் பக்ஷின் பிள்ளைகள் போலு, அஸ்லம், அக்ரம் ஆகியோர் தொழிலைத் தொடர்ந்தார்கள். அக்ரம் 1976-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கராச்சியில் ஜப்பான் வீரர் இனோகியிடம் தோற்றபோது, காமா வீட்டுப் பிள்ளையா தோற்றது என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் பேசிக்கொண்டார்கள்.

பாட்டியாலா மகாராஜாவின் பழைய மோதிபாக் அரண்மனையில் இப்போது தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள காட்சிச்சாலையில் நடுவில் ஓட்டை போட்ட வட்டக் கல் ஒன்றை வைத்து இருக்கிறார்கள். காமா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்கி எடுப்பாராம். எடை 95 கிலோ. இதை நம்பலாம்.